கரையில் நின்று பாஸ் பிடிக்கையில் லூர்களை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

கேள்வி: கரையோரத்தான்

வணக்கம் நண்பர்களே.

என்னிடம் படகு இல்லை. ஏரிக்கரையிலும் சிறு குளங்களின் கரையிலும் நின்றபடிதான் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்குத் தூண்டில் வீசி வருகிறேன். ஏழடி நீளமும் நடுத்தர வலுவும் உடைய ஸ்பின்னிங் கோல், 2500 அளவு ரீல், 10 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் நுனியில் இரு கைகளையும் விரித்த நீளத்துக்கு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு ஆகியவையே என் கருவிகள்.

பெட்டியில் லூர்களுக்கு, அதாவது செயற்கை இரைகளுக்கு, குறைவில்லை. மென்பிளாஸ்டிக் புழு, முள்ளோடு ஈயத்தலை சேர்ந்த ஜிக், சுழலும் தகடுள்ள ஸ்பின்னர்பெய்ட், இழுத்தால் நீருக்குள் அமிழ்ந்து ஆடி ஓடும் கிராங்க்பெய்ட், நீர்மேல் மிதக்கும் பாப்பர், உள்ளே வெற்றிடமுள்ள தவளை என ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று நிறங்கள் வைத்திருக்கிறேன். நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் இடப்புறம் கோரையும் பாசியும் மண்டிய ஆழமற்ற பகுதி இருக்கிறது. நேர் எதிரே தரை மெல்லச் சரிந்து ஆழமாகிறது. வலப்புறம் ஒரு மரம் நீருக்குள் சாய்ந்து கிடக்கிறது. அங்கே பாஸ் இருப்பதில் ஐயமில்லை. மாலை வேளைகளில் அவை சிறுமீன்களைத் துரத்தி நீர்ப்பரப்பைக் கலக்குவதைக் கண்ணாரக் காண்கிறேன்.

ஒரு லூரைச் சில முறை வீசி, ஒன்றும் கொத்தாவிட்டால் அடுத்ததைக் கட்டி, அதுவும் பலிக்காவிட்டால் நிறத்தை மாற்றி என்று போகிறது என் முறை. கடைசியில் ஒரு மீன் கொத்தினாலும் அது லூரின் வகையால் கொத்தியதா, நிறத்தாலா, நான் இழுத்த வேகத்தாலா, அல்லது அந்த நேரத்தில் மீனுக்குப் பசி வந்துவிட்டதா என்று பிரித்தறிய முடியவில்லை. அடுத்த முறை போகும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கிறது. கரையில் நிற்பவர் லூர்களை ஒழுங்காகச் சோதித்து, அதிலிருந்து உருப்படியாக ஏதேனும் கற்றுக்கொள்ள வழி உண்டா? நிறத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: சரிவுநீர்

நீங்கள் சொல்லும் குழப்பத்தின் வேர், லூரை எப்போது மாற்றுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. மீன் கொத்தாதபோதுதான் நாம் எல்லோரும் லூரை மாற்றுகிறோம்; ஆனால் மீன் கொத்தாத வேளையில் எதைக் கட்டி வீசினாலும் விடை ஒன்றாகவே இருக்கும், அந்த விடையிலிருந்து எதையும் கற்க முடியாது. சோதனைக்கு உகந்த வேளை, மீன்கள் மும்முரமாகக் கொத்திக்கொண்டிருக்கும் வேளைதான். ஒரு லூருக்கு மீன்கள் தொடர்ந்து வரும்போது, மனம் வராவிட்டாலும் அதை அவிழ்த்துவிட்டு, நீங்கள் இதுவரை நம்பாத ஒன்றைக் கட்டி அதே இடத்தில் வீசிப் பாருங்கள். அதற்கும் கொத்தினால் அந்த லூர் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். கொத்தாவிட்டால் மீண்டும் பழைய லூரை வீசுங்கள். அதற்கு உடனே கொத்தினால் வேறுபாடு லூரில்தான் இருக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அதற்கும் கொத்தாவிட்டால் மீன்கள் நகர்ந்துவிட்டன, அல்லது மிரண்டுவிட்டன.

இதற்கு அளவுகோலாக ஒரே லூரை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். என் அளவுகோல், ஐந்து அங்குல நீளமுள்ள, உப்புக் கலந்து வார்த்த குச்சிப் புழு. அதன் நடுவில் முள்ளைக் கோத்து ஈயம் எதுவும் சேர்க்காமல் வீசும் வாக்கி ரிக் முறையில், புழு கிடைமட்டமாகவே மெல்ல அமிழும். அப்போது அதன் இரு நுனிகளும் தாமாகவே நடுங்கும். வீசுபவரின் திறமையை அது அதிகம் எதிர்பார்ப்பதில்லை என்பதால் அளவுகோலாக இருக்க அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் காணவில்லை. ஒவ்வொரு முறையும் புதிய லூரையே முதலில் வீசுவதும், அளவுகோலையே முதலில் வீசுவதும் தவறான முடிவைத் தரும். ஒரு மரத்தடியில் முதலில் போய் விழும் லூருக்கு எப்போதும் ஒரு வாய்ப்பு கூடுதல், இரண்டாவதாக வருவது ஏற்கெனவே எச்சரிக்கையான மீனைச் சந்திக்கிறது. ஆகவே வரிசையை மாற்றி மாற்றி வையுங்கள்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நான் முதலில் மாற்றுவது வேகம். அதற்கு லூரை அவிழ்க்க வேண்டியதே இல்லை. சீராக இழுப்பது, இழுத்து நிறுத்துவது, ஏதேனும் ஒரு கிளையில் வேண்டுமென்றே இடித்து விடுவிப்பது ஆகிய மூன்றுக்கும் ஒரே கிராங்க்பெய்ட் முற்றிலும் வேறான பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது ஆழம், பிறகு லூரின் பருமன், கடைசியில்தான் நிறம். பாஸ் ஒரு லூரைத் தாக்க வேண்டுமென்றால் முதலில் அது மீனுக்கு எட்டும் தூரத்தில் செல்ல வேண்டும். பத்தடி ஆழத்தில் தரையோடு கிடக்கும் மீனின் தலைக்கு மேல் இரண்டடி ஆழத்தில் ஓடும் லூருக்கு எந்த நிறம் பூசினாலும் பயன் குறைவு.

கரையில் நிற்பவருக்கு ஆழம் என்பது படகில் இருப்பவருக்கு உள்ளது போன்றதன்று. அவர் ஆழத்திலிருந்து கரையை நோக்கி வீசிச் சரிவில் கீழ்நோக்கி இழுக்கிறார். நாம் ஆழத்தை நோக்கி வீசி, மேட்டை நோக்கி இழுக்கிறோம். ஆழத்தில் ஓடும் கிராங்க்பெய்ட்டை நேர் எதிரே வீசினால், பாதி வழி வரை அது தரையைத் தொடாமல் வரும், கரையை நெருங்கும்போது மண்ணை உழும். ஜிக், முள்ளின் நுனியைப் புழுவுக்குள் மறைத்துக் கோக்கும் டெக்சஸ் ரிக் போன்று தரையைத் தொட்டுக்கொண்டே வரும் லூர்கள் நமக்கு அதிகம் உதவுவதற்குக் காரணம் இதுதான். சரிவு எப்படி இருந்தாலும் அவை அதையொட்டியே ஏறி வருகின்றன. கிராங்க்பெய்ட், ஸ்பின்னர்பெய்ட் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டுமானால் கரைக்கு இணையாக வீசுங்கள். அப்போது லூர் தன் பாதை முழுவதும் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் ஓடும். எந்த ஆழத்தில் மீன் நிற்கிறது என்பதும் தெளிவாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீரின் விளிம்புக்குப் போய் நின்றுகொண்டு முதல் வீச்சைத் தொலைவில் போடுவது வழக்கம். பாஸ் பல வேளைகளில் கரையிலிருந்து சில அடிக்குள்ளேயே நிற்கும். காலடி அதிர்வும் நிழலும் அதை விரட்டிவிடும். விளிம்பிலிருந்து சில அடி பின்னால் நின்று, முதல் வீச்சுகளைக் கரையோரமாகவே போட்டுவிட்டுப் பிறகு முன்னால் செல்லுங்கள். மிரண்டு ஓடிய மீனைக் கொண்டு எந்த லூரையும் மதிப்பிட முடியாது.

பதில்: கலங்கல்நீர்

சரிவுநீர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் நிறத்தைக் கடைசியில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது நீரின் தெளிவைப் பொறுத்தது. வெள்ளை நிற லூரை நீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று பாருங்கள். நான்கைந்து அடிக்கும் மேலாகத் தெரிகிறதென்றால் மீனுக்கு உங்கள் லூரை ஆராய நேரம் இருக்கிறது. பாசிப்பச்சை, பழுப்பு, ஒளி ஊடுருவும் புகை நிறம் ஆகியவற்றைக் கட்டி, வேகமாக இழுத்தோ அளவைக் குறைத்தோ பார்க்கலாம். ஓர் அடிக்குள்ளேயே மறைந்துவிடுகிறதென்றால், லூர் எங்கே இருக்கிறது என்பதை மீனுக்கு அறிவிப்பதே முதல் வேலை. அங்கே நிறமும் ஆழத்துக்கு இணையான முக்கியத்துவம் பெறுகிறது.

லார்ஜ்மவுத் பாஸின் விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான். ஒன்று பச்சை ஒளிக்கும், ஏறத்தாழ 535 நானோமீட்டர், மற்றொன்று சிவப்பு ஒளிக்கும், ஏறத்தாழ 614 நானோமீட்டர், மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. நீலத்துக்கெனத் தனிக் கூம்பு இல்லை. பயிற்சியளித்த மீன்களைக் கொண்டு செய்த ஆய்வில், அவை சிவப்பையும் பச்சையையும் நன்கு பிரித்தறிந்தன. ஆனால் எலுமிச்சைப் பச்சையையும் வெள்ளையையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டன, நீலத்தையும் கறுப்பையும் அவ்வாறே குழப்பிக்கொண்டன. நடைமுறையில் இதன் பொருள் பெரிது. வெள்ளை ஸ்பின்னர்பெய்ட்டை அவிழ்த்துவிட்டு எலுமிச்சைப் பச்சையைக் கட்டுவதும், கறுப்பு ஜிக்கை அவிழ்த்துவிட்டுக் கருநீலத்தைக் கட்டுவதும் நமக்குத்தான் மாற்றமாகத் தெரிகின்றன. மீனுக்கு அது ஏறத்தாழ அதே லூர். நிறத்தைச் சோதிக்க விரும்பினால் இருண்டதிலிருந்து வெளிறியதற்கு, அல்லது மங்கிய பச்சையிலிருந்து சிவப்பு கலந்த பழுப்புக்கு என்று உண்மையான வேறுபாடு இருக்குமாறு மாற்றுங்கள். ஆழம் கூடக் கூட நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆழமற்ற கரையோரத்தில் எடுப்பாகத் தெரியும் சிவப்பு, ஆழத்தில் கருத்துப்போகிறது.

கலங்கிய நீரில் கண்ணுக்கு அடுத்தபடியாக உதவுவது அதிர்வு. மீனின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு அருகிலுள்ள நீரின் அசைவை வாங்கிக்கொள்கிறது. ஸ்பின்னர்பெய்ட்டில் உருண்டை வடிவக் கொலராடோ தகடு மெதுவாக இழுத்தாலும் நீரை வலுவாக அறையும். வில்லோ இலை வடிவத் தகடு அதிர்வைக் குறைத்து மின்னலைக் கூட்டும், வேகமாகவும் இழுக்கலாம். ஒரே எடை, ஒரே நிறம், தகடு மட்டும் வேறு என்றிருக்கும் இரண்டு ஸ்பின்னர்பெய்ட்டுகளை வைத்துக்கொண்டால், சரிவுநீர் சொன்ன ‘ஒன்றை மட்டும் மாற்றும்’ முறைக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

காற்றையும் விட்டுவிடாதீர்கள். காற்று வந்து மோதும் கரையில் வீசுவது கடினம் என்று பலர் எதிர்க்கரைக்குப் போய்விடுகிறார்கள். அலை நீர்ப்பரப்பைக் குலைத்து ஒளியை மட்டுப்படுத்துகிறது, மிதவை உயிரிகளும் அவற்றைத் தின்னும் சிறுமீன்களும் அந்தப் பக்கம் ஒதுங்குகின்றன, பாஸ் துணிந்து அருகில் வருகிறது. ஸ்பின்னர்பெய்ட்டைப் பழக விரும்புவோர் அத்தகைய கரையைத்தான் தேட வேண்டும். மாறாக, காற்றே இல்லாத கண்ணாடி நீரில் பாப்பரையும் ஈயமற்ற புழுவையும் பழகுங்கள்.

புதிய லூர் எதுவானாலும் காலடியில் தெளிந்த நீர் உள்ள இடத்தில் முதலில் இறக்கி, அது எப்படி அமிழ்கிறது, எந்த வேகத்தில் தடுமாறுகிறது, நிறுத்தினால் மேலே எழுகிறதா, நிற்கிறதா, விழுகிறதா என்று பாருங்கள். கோல் நுனி வழியே கைக்கு வரும் அதிர்வை அந்தக் காட்சியோடு சேர்த்து மனத்தில் பதித்துக்கொண்டால், தொலைவில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும்போதும் லூர் சரியாக ஓடுகிறதா, அதில் பாசி சிக்கியிருக்கிறதா என்று கை சொல்லிவிடும். பாசியைச் சுமந்து வரும் லூரை வீசிவிட்டு ‘இந்த லூருக்கு மீன் வரவில்லை’ என்று ஒதுக்கப்பட்டவை ஏராளம்.

கரையோரத்தான்

இருவருக்கும் மிக்க நன்றி. மீன் கொத்தும்போதுதான் சோதிக்க வேண்டும் என்பது நான் எண்ணிப் பாராத கோணம். வெள்ளையும் எலுமிச்சைப் பச்சையும் மீனுக்கு ஒன்றாகத் தெரியக்கூடும் என்பதை அறிந்ததும் பெட்டியில் பாதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. குச்சிப் புழுவையும் டெக்சஸ் ரிக்கையும் வீசும்போது மீன் கவ்வியதையே என்னால் உணர முடிவதில்லை. திரும்பச் சுற்றும்போது புழுவின் வால் கிழிந்திருக்கிறது. கோரைப் பக்கம் தவளையை வீசினால் நீர் வெடித்துச் சிதறுகிறது, மீனோ முள்ளில் மாட்டுவதில்லை. இவ்விரண்டையும் சரிசெய்யாமல் ‘இந்த லூர் பலித்தது, அது பலிக்கவில்லை’ என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: கோரைக்குருவி

நல்ல கேள்வி. கொத்தல் வேறு, மாட்டுதல் வேறு. லூரைச் சோதிக்கும்போது கணக்கில் கொள்ள வேண்டியது கொத்தலைத்தான். மாட்டாமல் போவது பெரும்பாலும் கோல், நரம்பு, முள், கை ஆகியவற்றைச் சார்ந்தது.

புழுவை எடுத்துக்கொள்வோம். பாஸ் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகிறது; பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடுகிறது. ஈயமில்லாத புழு அமிழும்போது நரம்பு தளர்ந்திருப்பதால், உறிஞ்சியது கைக்கு எட்டுவதே இல்லை. ஆகவே கையைவிட நரம்பை நம்புங்கள். நரம்பு நீருக்குள் நுழையும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சிறு துடிப்பு, பக்கவாட்டில் நகர்தல், தரையை அடையும் முன்பே அமிழ்வது நின்றுபோதல் ஆகிய எல்லாமே மீன்தான். வீசிய உடன் மனத்துக்குள் எண்ணத் தொடங்கி, தரையை அடைய எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த மூன்றாவது அறிகுறி எளிதில் பிடிபடும். பத்து எண்ண வேண்டிய இடத்தில் ஆறிலேயே நரம்பு தளர்ந்தால் தயங்காமல் சுற்றி இறுக்கிச் சுண்டுங்கள். எடுப்பான நிறத்தில் பின்னல் நரம்பும், நுனியில் நீங்கள் கட்டியிருப்பது போன்ற ஃப்ளூரோகார்பனும் இதற்கு ஏற்றவைதான். வால் மட்டும் கிழிந்து வருவது பெரும்பாலும் புளூகில் போன்ற சிறுமீன்களின் வேலை. தடதடவென்று தொடர்ந்து தட்டுவது அவை, ஒரே ஒரு ‘டக்’ என்று கேட்பது பாஸ்.

டெக்சஸ் ரிக்கில் உங்கள் கோலுக்கு 5 முதல் 7 கிராம் வரையிலான தோட்டா வடிவ ஈயமும் 3/0 அளவு வளைகழுத்து முள்ளும் போதும். முள்ளின் நுனி புழுவின் முதுகில் தோலளவே புதைந்திருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் நடுத்தரக் கோலால் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரச் செய்ய இயலாது. ஈயத்தைத் தரையை உணரும் அளவுக்கு மட்டும் வையுங்கள். மரக்கிளையில் ஏறி இறங்கும்போது எடை குறைந்த ரிக் நழுவி வரும், கனத்தது கவட்டையில் போய்ச் செருகிக்கொள்ளும்.

தவளையைப் பொறுத்தவரை, வெளிப்படையாகச் சொல்வதானால், உங்களிடமுள்ள கருவி அதற்கு உரியதன்று. அடர்ந்த பாசியின் மேல் தவளை வீசுவோர் விறைப்பான கோலும் 50 முதல் 65 பவுண்டு வரையிலான பின்னல் நரம்பும் வைத்திருப்பதற்குக் காரணம், அந்த இரட்டை முட்கள் தவளையின் உடலை அமுக்கிக்கொண்டு வெளிவந்து மீனின் தாடையில் ஏற வேண்டும், பிறகு மீனையும் அதனோடு சேர்ந்து வரும் பாசியையும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நடுத்தரக் கோல் வளைந்து கொடுத்துவிடும். 8 பவுண்டு நுனி நரம்பு பாசியில் அறுந்தால் வாயில் முள்ளோடு ஒரு மீன் போய்விடும். அதை நான் எந்த லூருக்காகவும் விரும்புவதில்லை. கனமான கோல் கிடைக்கும் வரை கோரைக்குள் வீசாமல், அதன் வெளி விளிம்பில் ஈயமில்லாத புழுவை டெக்சஸ் முறையில் கோத்து நீர்மேல் ஊர்த்தி, இடைவெளிகளில் அமிழவிடுங்கள். பாசியிலும் சிக்காது, அதே மீன்களும் வரும். தவளை வீசும் காலம் வரும்போது ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள்: நீர் வெடித்ததைக் கண்டு சுண்டாதீர்கள், கோலில் எடை ஏறியதை உணர்ந்த பிறகே சுண்டுங்கள்.

வெப்பநிலையைக் குறித்து யாரும் சொல்லவில்லையே என்று வியக்கிறேன். லூர் சோதனைக் குறிப்பில் நீரின் வெப்பநிலை இல்லாவிட்டால் அந்தக் குறிப்பு அடுத்த பருவத்துக்கு உதவாது. நீர் 10 செல்சியசுக்குக் கீழே இருக்கும்போது பாஸின் உடலியக்கம் மந்தமாகிவிடுகிறது. அப்போது வேகமாக இழுத்த கிராங்க்பெய்ட் தோற்றது என்பது லூரின் குறையன்று. சுண்டிச் சுண்டி இழுக்கும் மீன்வடிவ லூரான ஜெர்க்பெய்ட்டை ஒருமுறை சுண்டிவிட்டு நெடுநேரம் அசையாமல் நிறுத்துவது அந்தக் குளிர்நீருக்கு உரியது. 10 முதல் 15 செல்சியஸ் வரை ஏறும் வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிடுவதற்கு முன் தீவிரமாக இரைதேடிக் கரைப்பக்கம் வருகின்றன. கரையில் நிற்பவர் புதிய லூர்களைப் பழக இதைவிட உகந்த காலம் இல்லை.

பதில்: சரிவுநீர்

கோரைக்குருவி வசந்த காலத்தைக் குறிப்பிட்டதால், அதையொட்டி ஒன்றைச் சேர்க்கிறேன். வெப்பநிலை 15 செல்சியசைத் தாண்டியதும் ஆண் பாஸ் ஆழமற்ற நீரில் தரையை வாலால் துடைத்து வட்டமான கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுச் சென்ற பின் முட்டைகளையும் பொரிந்த குஞ்சுகளையும் ஆண் மீனே காவல் காக்கும். இந்தக் கூடுகள் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் என்பதால், நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே லூர்களை வீசிப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் அந்த மீன் லூரைக் கவ்வுவது பசியால் அன்று, கூட்டுக்குள் நுழைந்த பகையை அப்புறப்படுத்தத்தான். அங்கே எந்த லூர் வெற்றி பெற்றாலும் அது மற்ற நாட்களுக்குப் பொருந்தாது. சோதனை என்ற அளவில் அது வீண். காவல் மீன் கூட்டை விட்டு அகன்ற சிறிது நேரத்திலேயே புளூகில் கூட்டம் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆகவே கூடு தெரிந்தால் விலகிச் செல்லுங்கள். சில இடங்களில் அந்தப் பருவத்தில் பாஸ் பிடிப்பதற்குச் சட்டப்படியே தடை இருக்கிறது என்பதால், உங்கள் நீர்நிலைக்குரிய விதிகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பிளாஸ்டிக் புழுவை அதிகம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மீன் விழுங்கும் வரை காத்திருக்க வேண்டாம். நரம்பு நகர்ந்ததும் சுண்டினால் முள் உதட்டில் ஏறும், தொண்டையில் இறங்காது. திருப்பி விடப்போகும் மீனைக் கரை மண்ணில் போட்டுப் புரட்டாமல், நனைந்த கையால் கீழ்த்தாடையைப் பிடித்து, பெரிய மீனென்றால் மறுகையால் வயிற்றைத் தாங்கித் தூக்குங்கள். அதன் உடல் மீதுள்ள வழவழப்பான பூச்சு கிருமிகளிலிருந்து அதைக் காக்கிறது. கிழிந்த புழுக்களை நீரில் எறியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவை மட்காது, மீன் விழுங்கினால் வயிற்றுக்குள் ஊதிப்போய் அப்படியே தங்கிவிடும்.

உங்கள் இடத்தை நீங்கள் விவரித்த விதத்தைப் பார்த்தால், நான் தொடங்குவது வலப்புறச் சாய்ந்த மரத்தில்தான். அதுவும் மரத்தின் நடுவில் வீசாமல், நிழல் விழும் பக்கத்தில் அதன் வெளி நுனிக் கிளையருகே, அளவுகோல் புழுவைக் கொண்டு. அங்கே ஒரு மீன் வந்ததும் ஜிக்குக்கு மாறுங்கள். மாலையில் நீர்ப்பரப்பு கலங்கத் தொடங்கும்போது எதிரேயுள்ள சரிவுக்கு ஸ்பின்னர்பெய்ட்டையும் புழுவையும் மாற்றி மாற்றி எடுத்துச் செல்லுங்கள். இந்த மூன்றையும் தவிர மற்றவை அன்றைக்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.